கணிப்பொறியின் துடிப்பைக் கூட்டலாமா?

நமக்கு நாடி துடிப்பதுபோல் கணிப்பொறியின் செயலிக்கும் ஒரு துடிப்பு உண்டு. தாய்ப்பலகையிலுள்ள கடிகாரச் சுற்று விநாடிக்கு 10 கோடி முறை துடிக்கிறது. செயலி அதை 40 மடங்காக்கினால் 400 கோடித் துடிப்புகள், அதாவது 4 கிகாஹெர்ட்ஸ். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் இத்துடிப்பைக் கூட்டுவதே 'ஓவர்கிளாக்கிங்'.

இது எப்படி இயலும்? சில்லுகள் எல்லாம் ஒரே திறனுடன் அமைவதில்லை. எந்த நிலையிலும் பிழையின்றி இயங்க வேண்டுமென்று தயாரிப்பாளர்கள் வேகத்தைச் சற்றுக் குறைத்தே குறிக்கிறார்கள். 1998-இல் வந்த இன்டெல் 'செலரான் 300ஏ' புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அடிப்படைத் துடிப்பை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தியதும், 300 மெகாஹெர்ட்ஸ் சில்லு பலரிடம் 450-இல் ஓடியது.

வேகத்தின் விலை

துடிப்பைக் கூட்டினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட நேரும். உண்டாகும் வெப்பம் துடிப்புக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப வளர்கிறது. துடிப்பு 4-இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸாகவும், மின்னழுத்தம் 1.2-இலிருந்து 1.3 வோல்ட்டாகவும் உயர்வதாகக் கொள்வோம். 1.1 × 1.17 = 1.29. வேகம் 10 சதவீதம் கூட, வெப்பமோ 29 சதவீதம் கூடுகிறது!

லாரியின் ரேடியேட்டரில் மெல்லிய தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். செயலியின் மேலுள்ள உலோகத் தகடுகளும் அவ்வாறே வெப்பத்தைக் காற்றில் விடுகின்றன. விசிறி எவ்வளவு சுழன்றாலும் செயலி அறைக் காற்றைவிடக் குளிர்ந்துவிடாது. சேலம், நாமக்கல் சமவெளியில் இது முக்கியம்.

வேலை மிகும்போது அறையைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடேறிய செயலி, இப்போது ஏறத்தாழ 52 டிகிரி கூடுதலாகச் சூடேறும். அறை 24 டிகிரியாக உள்ள டிசம்பர் இரவில் அது 76 டிகிரி. அறை 38 டிகிரியாகக் கொதிக்கும் மே நண்பகலில் 90 டிகிரி! பல செயலிகள் 95 அல்லது 100 டிகிரியை எட்டியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு கூட்டியதன் பயன் என்ன?

எப்படித் தொடங்குவது?

முதலில் நினைவகம். 3200 என்று விற்கப்படும் டிடிஆர்4 நினைவகங்கள் பல, தொடக்கத்தில் 2133 அல்லது 2400 அளவிலேயே ஓடும். 'பயாஸ்' அமைப்பில் 'எக்ஸ்எம்பி'யை இயக்கி, 'மெம்டெஸ்ட்86' கொண்டு சோதியுங்கள். பிழை ஒன்று வந்தாலும் வேகத்தைக் குறையுங்கள். பிழையுள்ள நினைவகம் உங்கள் கோப்புகளை ஓசையின்றிக் கெடுத்துவிடும். ஆகவே முன்னதாகப் படி எடுத்து வையுங்கள்.

அடுத்து செயலி. எல்லாச் செயலிகளும் இதற்கு இடம் தருவதில்லை. இன்டெலில் பெரும்பாலும் 'கே' எழுத்துள்ளவையும், அவற்றுக்கேற்ற தாய்ப்பலகையும் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தித் தகடுகளின் தூசியை அகற்றுங்கள். பெருக்கெண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் கடுமையான கணக்குகளை ஒரு மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். மின்னழுத்தத்தை இறுதியில், மிகச் சிறிதளவே கூட்டுங்கள். உத்தரவாதம் போகலாம் என்பதால் பெற்றோரிடம் கேட்டுச் செய்யுங்கள். பள்ளிக் கணிப்பொறியில் வேண்டாம்.

ஒரு பயிற்சி: துடிப்பைக் கூட்டாமலே, இன்று நண்பகல் அறையின் வெப்பநிலையையும் செயலியின் வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டின் வேறுபாட்டை 1.29-ஆல் பெருக்கி 40-ஐக் கூட்டுங்கள். விடை 90-ஐத் தாண்டினால், உங்கள் கணிப்பொறிக்கு முதலில் தேவை நல்ல குளிர்விப்பான்.