வேடந்தாங்கல்: பறவைகள் குடியேறிய பாசன ஏரி

சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், ஜி.எஸ்.டி. சாலையின் படாளம் கூட்டுரோட்டில் மேற்கே திரும்பிச் சென்றால் வரும் வேடந்தாங்கல், இன்று நாடறிந்த பறவைகள் சரணாலயமாக விளங்கினாலும், அடிப்படையில் அது ஓர் ஊரின் பாசன ஏரியே. வேடர்கள் தங்கிய இடம் என்று அப்பெயருக்கு வழக்கமாகப் பொருள் சொல்லப்படுகிறது. ஆனால் தொண்டை மண்டலத்தில் 'தாங்கல்' என்பது மழைநீரைத் தேக்கி வைக்கும் சிற்றேரியைக் குறிக்கும் சொல் என்பதையும், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என அச்சொல்லில் முடியும் ஊர்கள் அப்பகுதியில் பல உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஏரிதான் ஊருக்குப் பெயர் தந்தது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய நீர்ப்பரப்பில், நல்ல மழை பெய்த ஆண்டுகளில், பல்லாயிரம் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதற்குக் காரணம் ஏரிக்குள்ளேயே நிற்கும் மரங்கள். நீர்க்கடம்பும் கருவேலும் அடிமரம் நீரில் மூழ்கிய நிலையிலும் பட்டுப்போகாமல் தழைத்து நிற்க, வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் ஒவ்வொரு மரமும் அகழி சூழ்ந்த கோட்டையாகிவிடுகிறது. நரியும் காட்டுப்பூனையும் நீந்திச் சென்று முட்டையைக் கவர்வது எளிதன்று என்பதால், நாரை, கொக்கு, நீர்க்காகம் முதலான பலவகைப் பறவைகள் ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் கூடமைக்கின்றன. பறவையியலாளர் இதனைக் கூட்டமாகக் கூடமைத்தல் என்பர். மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் வேறிடம் தேடிப் போய்விடுவதும் இதனால்தான்.

இங்கே கூடு கட்டும் பறவைகளை 'வெளிநாட்டுப் பறவைகள்' என்று செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுவது பெரும்பாலும் பிழை. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா ஆகிய அனைத்தும் இந்தியத் துணைக்கண்டத்திலேயே வாழ்ந்து இனம்பெருக்குபவை; நீரும் இரையும் இருக்கும் இடத்தை நாடி நாட்டுக்குள்ளேயே இடம் மாறுபவை. வட நாடுகளின் குளிருக்குத் தப்பி வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை வலசைப் பறவைகள், அதாவது பருவந்தோறும் நெடுந்தொலைவு வந்து திரும்புபவை. அவை இங்கு இரை தேடி இளைப்பாறுமேயன்றிக் கூடு கட்டுவதில்லை. அவற்றைக் காண விரும்புவோருக்கு, மரங்கள் குறைந்து திறந்த நீர்ப்பரப்பு மிகுந்த அண்டை ஏரியான கரிக்கிலி அதிக வாய்ப்பளிக்கிறது.

நத்தைகுத்தி நாரையின் அலகைப் பைனாகுலர் வழியே சற்று நேரம் கவனித்தாலே ஒரு பயணம் பயன்பெற்றதாகிவிடும். அலகை மூடிய பிறகும் அதன் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுப் பருவத்தில் அந்த இடைவெளி இருப்பதில்லை, வளர வளரத்தான் உண்டாகிறது. வயல் நத்தை அகப்பட்டதும் அப்பறவை ஓட்டை உடைப்பதில்லை. கீழலகின் கூரிய நுனியை உள்ளே செலுத்தி, ஓட்டோடு பிணைந்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் இழுத்து விழுங்கிவிடுகிறது. அருகே பாம்புத்தாரா உடல் முழுவதையும் நீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவதும், பின்னர் கிளையேறி நனைந்த இறகுகளை விரித்துக் காயவைப்பதும் கரையிலிருந்தே தெரியும்.

இந்த ஏரிக்கும் உழவுக்கும் உள்ள உறவு பழையது. பறவைகளின் எச்சம் நீரில் கலந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கூட்டுவதால், மதகின் வழியே பாயும் நீர் வயலுக்கு உரமாகவும் ஆகிறது என்பதைக் கண்டறிய ஊர்மக்களுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டதும், 1798இல் லயனல் பிளேஸ் என்ற ஆட்சியர் வேட்டையைத் தடுத்து 'கவுல்' எனப்படும் உரிமைச்சாசனம் அளித்ததும் அந்த அறிவின் விளைவுகளே. அது 1858இல் மறுபடி உறுதிசெய்யப்பட்டது. 1936இல் ஏரி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல் என்பதை எண்ணினால், ஊர் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

எனினும் ஏரியைக் காத்தால் மட்டும் பறவைகளைக் காத்ததாகாது. பெற்றோர்ப் பறவைகளும் பசித்த குஞ்சுகளும் உண்ணும் மீன், நத்தை, தவளை அனைத்தையும் 75 ஏக்கர் ஏரியால் தர இயலாது. அவை நாள்தோறும் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து சென்றே இரை கொணர்கின்றன. ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஆரத்துக்குட்பட்ட நிலப்பகுதி 1998இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு இதுவே நியாயம். அதனை 3 கி.மீ. ஆகச் சுருக்க 2020இல் முன்வைக்கப்பட்ட திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது வியப்பன்று. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் தலங்களாயின. ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971இல் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெற்ற இடங்கள் என்பது அதன் பொருள். இயற்கையாக அமைந்தவற்றோடு ஏரி, நெல்வயல் போன்று மனிதர் உண்டாக்கிய நீர்நிலைகளையும் அந்த உடன்படிக்கை ஈரநிலம் என்றே கொள்கிறது.

செல்வோர் அங்கே செய்யக்கூடியவை மிகச் சில. படகு இல்லை, நீருக்குள் இறங்கவும் கூடாது. நிழல் படர்ந்த ஏரிக்கரையில் நடப்பதும், காட்சிக் கோபுரத்தில் ஏறி நிற்பதும், படமெடுப்பதுமே பொழுதுபோக்கு. நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். அதிலும் டிசம்பர், ஜனவரியில் கூடுகளில் பரபரப்பு மிகுதி. நண்பகலில் வந்து பறவைகளைக் காணோம் என்று குறைபடுவோர் பலர். விடியற்காலையிலும், மாலை 4 மணிக்குப் பிறகும்தான் ஏரி தன் முழு வாழ்வைக் காட்டும்: இரை தேடிப் போன கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் அணி அணியாகத் திரும்பி இறங்க, அதே வேளையில் பகலெல்லாம் கிளையில் ஒடுங்கிக் கிடந்த வக்காக்கள், இரவில் இரை தேடுபவையாதலால், கரகரத்த குரலெழுப்பிப் புறப்படுகின்றன, ஆலையில் ஒரு ஷிப்டு முடிந்து அடுத்தது தொடங்குவதுபோல அந்த இடமாற்றம் இருள் கவியும்வரை நீடிக்கிறது.

பைனாகுலர் கொண்டு செல்வதும், கண்ணைப் பறிக்கும் நிற ஆடைகளைத் தவிர்ப்பதும், கரையில் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் நல்லது; பிளாஸ்டிக் பைகளையும் தின்பண்டக் காகிதங்களையும் திரும்ப எடுத்துவர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பறவைகள் வந்துவிட்டனவா என்று கேட்பதற்குப் பதிலாக, அவ்வாண்டு ஏரி நிரம்பியதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.