அறையை அளந்து லென்ஸ் வாங்குங்கள்

மன்னாரின் பேசாலையில் பகல் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குடும்பங்கள் காலமெல்லாம் பாதுகாத்து வைக்க விரும்பும் படங்களில் பெரும்பாலானவை அந்த வெயிலில் எடுக்கப்படுவதில்லை. நத்தார் நள்ளிரவுத் திருப்பலி, பாஸ்கா இரவு, கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் உடக்குப்பாஸ், விடிய விடிய நடக்கும் வாசாப்புக் கூத்து, சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாமே கூரைக்குக் கீழேயோ இரவிலோதான் நடக்கின்றன. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கமராவோ கொழும்பில் வாங்கிய கமராவோ அந்த வேளையில்தான் கைவிடுகிறது. முகங்கள் கலங்குகின்றன, படம் முழுக்கப் புள்ளி விழுகிறது. உடனே கமராதான் பழசு, புதியது வாங்க வேண்டும் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. குறை கமராவில் அல்ல, அதனுடன் சேர்ந்து வந்த லென்ஸில் இருக்கிறது. அதை விலை குறைந்த இன்னொரு லென்ஸால் சரிசெய்யலாம். எந்த லென்ஸ் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கடைக்காரரோ விளம்பரமோ அல்ல, நீங்கள் படமெடுக்கும் அறையின் நீளம்.

கமராவுடன் வழக்கமாக வருவது 18 முதல் 55 மில்லிமீற்றர் வரை குவியத்தூரம் உள்ள சூம் லென்ஸ். அதன் விளிம்பில் 3.5–5.6 என்று எழுதியிருக்கும். லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்லும் எஃப் எண் அது. எண் சிறிதானால் வாய் பெரிது. உள்ளே வரும் வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால் சிறிய வித்தியாசமும் பெரிய பலனைத் தரும். எஃப் 5.6 உடன் ஒப்பிட்டால் எஃப் 1.8 ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஒரு மின்குமிழ் எரியும் அறையில் எஃப் 5.6 இல் படம் பதிய 1/15 செக்கன் தேவைப்பட்டால், எஃப் 1.8 இல் 1/145 செக்கன் போதும். முதலாவதில் சிரிக்கும் குழந்தையின் முகம் கலங்கிப்போகும், இரண்டாவதில் தெளிவாக நிற்கும். சூம் லென்ஸை 35 மில்லிமீற்றரில் வைத்தால் அதன் வாய் எஃப் 4.5 அளவுக்குத் திறக்கும் என்பது உண்மை. அப்போதும் வித்தியாசம் ஆறு மடங்கு.

வேறு வழிகள் இல்லையா என்று கேட்பது நியாயமே. கமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டலாம். ஆனால் 1600 இல் எடுக்கக்கூடிய படத்தைப் பத்து மடங்கு கூட்டி 16000 இல் எடுத்தால், சாதாரண கமராவில் தோலின் நிறமும் சேலையின் நெசவும் புள்ளிகளில் கரைந்துவிடும். பல லென்ஸ்களில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி உண்டு. அது எடுப்பவரின் கையைத்தான் தாங்கும், எதிரே ஆடுபவரையோ ஓடும் பிள்ளையையோ நிறுத்தாது. பிளாஷ் அடிக்கலாம் என்பார்கள். பிளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் முன்வரிசை வெளிறிப்போக, பின்வரிசை இருட்டில் நிற்கும். வெள்ளைத் தட்டுக்கூரையில் பட்டுத் திரும்பும்படி பிளாஷை மேலே திருப்பி அடிப்பது நல்ல முறைதான். ஓட்டுக்கூரை வீட்டிலும் உயர்ந்த கூரையுள்ள ஆலயத்திலும் அதற்கு இடமில்லை. பாஸ்கா இரவில் விளக்குகளை அணைத்து, பாஸ்காத் திரியிலிருந்து ஒவ்வொருவர் கை மெழுகுதிரிக்கும் சுடர் பரவும் நேரத்தில் பிளாஷ் அடித்தால் படமும் கெடும், வழிபாடும் குலையும். கைபேசியின் எஃப் எண்ணும் 1.8 தானே என்பது அடுத்த கேள்வி. எண் ஒன்றானாலும், வெளிச்சத்தைப் பதியும் சென்சர் கமராவில் பல மடங்கு பெரியது. கைபேசி அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக்கிக் குறையை ஈடுசெய்கிறது. அசையாத பீடத்துக்கு அது போதும், அசையும் மனிதருக்குப் பல வேளைகளில் போதாது.

வாய் பெரிதாகத் திறக்கும் லென்ஸ் என்றால் விலையும் பெரிதாக இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரிய விலை அந்த வகைச் சூம் லென்ஸ்களுக்குத்தான். சூம் இல்லாத, ஒரே குவியத்தூரம் உள்ள லென்ஸ் எளிமையானது. 1896 இல் செய்ஸ் நிறுவனத்தில் போல் ருடோல்ப் வடிவமைத்த பிளானர் என்ற லென்ஸின் வழிவந்த ஆறு கண்ணாடி அமைப்புத்தான் இன்றைய மலிவான 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ்களில் பலவற்றுக்கு அடிப்படை. 1924 இல் ஜெர்மனியில் வந்த எர்மனொக்ஸ் கமராவின் லென்ஸ் எஃப் 2 ஆக இருந்து பின்னர் எஃப் 1.8 ஆனது. அந்தக் கமராவைக் கொண்டுதான் ஒளிப்படக்காரர் எரிக் சலமொன் நீதிமன்றங்களையும் இராஜதந்திர மாநாடுகளையும் பிளாஷ் இல்லாமல் படம்பிடித்தார். அன்று அரிதாக இருந்த அந்தத் திறனை 1987 இல் வெளிவந்த கெனன் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 போன்ற லென்ஸ்கள் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தன.

இங்கேதான் கவனம் தேவை. மலிவு என்பதற்காக எல்லோரும் சிபாரிசு செய்வது 50 மில்லிமீற்றரை. ஆனால் நம்மிடம் உள்ள கமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சர் பழைய பிலிமைவிடச் சிறியது. அகலம் சுமார் 23 மில்லிமீற்றர். அதில் 50 மில்லிமீற்றர் லென்ஸைப் பூட்டி மூன்று மீற்றர் தள்ளி நின்றால், படத்துக்குள் அடங்கும் அகலம் 1.4 மீற்றர் மட்டுமே. இருவர் நிற்கலாம், கேக் மேசையைச் சுற்றி நிற்கும் குடும்பம் அடங்காது. 35 மில்லிமீற்றரில் அதே இடத்திலிருந்து இரண்டு மீற்றரும், 24 மில்லிமீற்றரில் ஏறத்தாழ மூன்று மீற்றரும் அடங்கும். மூன்று நான்கு மீற்றர் நீளமுள்ள வீட்டு அறைக்கு 35 மில்லிமீற்றரே பொருத்தம். ஆலயத்திலோ வாசாப்பு மேடைக்கு முன்னாலோ நின்று ஒருவரின் முகத்தை எடுப்பவருக்கு 50 மில்லிமீற்றர் சரி. வாங்குமுன் இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம்: உங்களிடம் இருக்கும் சூம் லென்ஸை 35 இலும் 50 இலும் மாற்றி வைத்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள்.

நிக்கோன் டிஎஸ்எல்ஆர் கமரா வைத்திருப்பவருக்கு 2009 இல் வந்த டிஎக்ஸ் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 ஜி நேரடியான விடை. டி3500, டி5600 போன்ற கமராக்களுக்குள் குவிய மோட்டார் இல்லை. ஆகவே ஏஎஃப்-எஸ் என்று எழுதாத பழைய ஏஎஃப் டி லென்ஸ்கள் அவற்றில் தானாகக் குவியாது. கெனன் டிஎஸ்எல்ஆரில் 2015 இல் வந்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 எஸ்டிஎம் மலிவு. சிறிய அறைக்கு யொங்னுவோ நிறுவனத்தின் 35 மில்லிமீற்றர் எஃப் 2 ஐயோ, வாய் சற்றுக் குறைவாகத் திறந்தாலும் அறை அடங்கும் கெனனின் 24 மில்லிமீற்றர் எஃப் 2.8 ஐயோ பார்க்கலாம். 2022 இல் இலங்கை ரூபாய் வீழ்ந்தபின் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறிய நாட்டில், பாவித்த லென்ஸ் வாங்குவதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் பூஞ்சணம் தெரிந்தால் வாங்க வேண்டாம். கடற்காற்றின் ஈரம் உள்ள கரையில் அது வளரக்கூடியது. வாங்கியதைச் சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள்.

எஃப் 1.8 இல் ஒருவர் தெளிவாகவும் பக்கத்தில் இருப்பவர் மங்கலாகவும் விழுகிறார்களே என்ற குறை உண்மையானது. 35 மில்லிமீற்றரில் இரண்டு மீற்றர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர்தான். இரு வரிசையாக நிற்கும் குடும்பத்துக்கு மூன்று மீற்றர் தள்ளி நின்று எஃப் 2.8 க்கு மாற்றினால் அந்த ஆழம் முக்கால் மீற்றரைத் தாண்டும். அப்போதும் பழைய லென்ஸின் எஃப் 5.6 ஐவிட நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். இன்னொன்று: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல எல்ஈடி விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. படத்தில் கோடு விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 செக்கனில் வையுங்கள்.

ஆகவே கையில் உள்ள கமரா வேலை செய்கிற வரை அதை மாற்றாதீர்கள். சேர்த்து வைத்த பணத்தை ஒரே குவியத்தூரமுள்ள ஒரு லென்ஸுக்குச் செலவிடுங்கள். வீட்டு அறைக்கு 35, ஆலயத்துக்கும் மேடைக்கும் 50. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 35 ஐ வாங்குங்கள். மேடைக்குக் கிட்டே நகர்ந்து நிற்கலாம், வீட்டுச் சுவரைப் பின்னால் தள்ள முடியாது.