25 துண்டாகி வரும் ஒரு ‘அம்மா’

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகள், இலங்கையின் அரநாயக்கவில் மேட்டு லயத்தில் இருக்கும் தாய்க்கு வட்ஸ்அப்பில் கோல் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். “அம்மா, சாப்புட்டீங்களா?” கேட்டது அவ்வளவுதான், இரண்டு நொடிகூட ஆகாது. ஆனால் அந்த இரண்டு நொடிக்குள் இரண்டு கைபேசிகளும் சேர்ந்து அடிக்கும் கூத்து இருக்கிறதே, அப்பப்பா! திரையைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்த்துவிடுவோம், வாங்க.

முதல் வேலை அளப்பது. மைக் முன்னால் காற்று எப்படி அதிர்கிறது என்று கைபேசி நொடிக்கு 16,000 தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். பெருக்கினால் நொடிக்கு 2,56,000 பிட். இதை அப்படியே அனுப்பினால் மலைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வரும் சிக்னல் தாங்குமா? தாங்காது. நல்ல குரலுக்கு 16,000 பிட் போதும் என்கிறது மென்பொருள். அதாவது 16 பங்கில் 15 பங்கைக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சம் ஒரு பங்கில் மகளின் குரலை அடையாளம் தெரிகிற மாதிரி கொண்டுவந்து சேர்க்கப் போகிறதாம். என்ன துணிச்சல் பாருங்கள்!

அடுத்தது வெட்டு. பேச்சை 20 மில்லி நொடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள், நொடிக்கு 50 துண்டு. ‘அம்மா’ என்று கூப்பிட அரை நொடி ஆகும் என்றால், அந்த ஒரு சொல்லே 25 துண்டாகிக் கடல் தாண்டுகிறது.

இப்போதுதான் மாயம் ஆரம்பிக்கிறது. கைபேசி ஒலியை அனுப்புவதே இல்லை! தொண்டையில் குரல்நாண் அதிர்கிறது. வாயும் நாக்கும் உதடும் அந்த அதிர்வை வடிவமைக்கின்றன. பேச்சு என்பது இவ்வளவுதானே? அப்படியானால் இந்த 20 மில்லி நொடியில் குரல்நாண் எந்த வேகத்தில் அதிர்ந்தது, வாய் எந்த வடிவில் இருந்தது, இந்தக் கணக்கில் அடங்காமல் மிஞ்சிய சில்லறை என்ன என்று சில எண்களை மட்டும் எழுதி அனுப்பினால் போதும். அந்தப் பக்கத்துக் கைபேசி அதைப் பார்த்துக் குரலைப் புதிதாகச் செய்துகொள்ளும். ரொட்டியைப் பார்சல் கட்டி அனுப்பாமல், சுடும் விதத்தை மட்டும் எழுதி அனுப்புகிற மாதிரி. ஆக, தாய் கேட்பது குவைத்தில் எழுந்த ஒலி அல்ல. அது அரநாயக்கவிலேயே, அவர் கையிலுள்ள போனுக்குள்ளேயே சுடச்சுடத் தயாரானது.

‘சாப்புட்டீங்களா’வைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ‘ச’வில் குரல்நாண் சும்மா இருக்கிறது, வெறும் காற்றுச் சீறல்தான். ‘ஆ’ வந்ததும் அதிர்வு தொடங்குகிறது. பெண் குரல் நொடிக்குச் சுமார் 200 அதிர்வு என்றால், ஒரு துண்டுக்குள் நான்கே அதிர்வு. ‘ப்பு’வில் உதடு மூடிய இடம் கிட்டத்தட்ட முழு மௌனம். ‘ட்டீ’யில் அதே மௌனம், பின்னாலேயே நாக்கு விடுபடும் ஒரு சின்ன வெடிப்பு. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வல்லின ஒற்றெல்லாம் இயந்திரத்துக்குச் செலவில்லாத வெற்றிடம்!

இந்த வித்தைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் பிஷ்ணு அடல். 1933இல் கான்பூரில் பிறந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அங்கேயே ஒலியியல் கற்பித்து, 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போனார். முன் அளவுகளை வைத்து அடுத்த அளவை ஊகிக்கும் ‘லீனியர் பிரிடிக்‌ஷன்’ முறையைப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1974லேயே, இன்டர்நெட்டின் மூதாதையான ஆர்ப்பாநெட்டில் இந்த முறையால் சுருக்கிய குரலில் பேசிக்காட்டிவிட்டார்கள்.

பிறகு 1985இல் அடலும் மன்ஃபிரட் ஷ்ரோடரும் ‘செல்ப்’ என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அது செய்யும் வேலை இது: இரண்டு பக்கமும் 1,024 ஒலித் துணுக்குகள் கொண்ட ஒரே பட்டியல் இருக்கும். அனுப்பும் பக்கம் ஒவ்வொன்றாகப் போட்டு, தானே கேட்டுப் பார்த்து, அசலுக்கு மிக நெருங்கியது எதுவோ அதன் வரிசை எண்ணை மட்டும் அனுப்பும். பரிசோதனையில், அந்தக் காலத்து ராட்சசக் கணினியான கிரே-1, ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க 150 நொடி எடுத்துக்கொண்டது. அந்த வேகத்தில் ‘சாப்புட்டீங்களா’ போய்ச் சேர்வதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும்.

குரலைச் சுருக்கி விரிக்கும் இப்படிப்பட்ட முறைக்குக் ‘கோடெக்’ என்று பெயர். இன்று அதிகம் புழங்கும் கோடெக் ‘ஓபஸ்’. ஸ்கைப் நிறுவனத்தின் ‘சில்க்’கையும், சிஃப் அமைப்பின் ‘செல்ட்’டையும் கோத்து, 2012 செப்டம்பரில் பொதுத் தரமாக அறிவித்தார்கள். யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். வட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியின் கோப்புப் பெயரைப் பாருங்கள், வாலில் ‘ஓபஸ்’ என்று இருக்கும்.

சரி, எண்கள் தயார். பொட்டலம் கட்ட வேண்டுமே? இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும் இடம். 16,000 பிட் கணக்கில் ஒரு துண்டின் சரக்கு 40 பைட். அதற்கு மேல் ஒட்டும் விலாசம், வரிசை எண், நேரக் குறிப்பு எல்லாம் சேர்ந்து இன்னொரு 40 பைட்! பேச்சுக்குச் செலவாகும் அதே அளவு டேட்டா விலாசத்துக்கும் போகிறது. இரண்டும் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 240 கிலோபைட். ரீலோட் போடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து குவைத்துக்கு நேர்கோட்டில் 4,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். ஆகவே பயணத்துக்கே குறைந்தது 20 மில்லி நொடி. கடலடிக் கேபிள் வளைந்து நெளிந்து வருவதால் உண்மையில் இன்னும் கூடும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதனால் வழியில் ஒரு துண்டு தொலைந்தால் ‘திரும்ப அனுப்பு’ என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. போனது போனதுதான்.

போனதை மறைப்பதில்தான் கைபேசியின் கில்லாடித்தனம் எல்லாம்! துண்டுகள் ஒரே சீராக வருவதில்லை. முன்னும் பின்னுமாக, கும்பலாக வரும். ஆகவே வாங்கும் பக்கம் சிலவற்றைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டே ஒலிக்கிறது. கையிருப்பு குறைந்தால் உயிரெழுத்தைச் சத்தமில்லாமல் கொஞ்சம் இழுக்கிறது, கூடினால் சுருக்குகிறது. மகள் ‘அம்மாஆ’ என்று இழுத்தது பாசத்திலா, நெட்வேர்க் தயவிலா என்று யாருக்குத் தெரியும்? துண்டு வரவே இல்லையென்றால் முந்தைய துண்டின் அதிர்வையே மறுபடி ஒலித்து, மெல்ல மங்கவிடுகிறது. ‘ம்’மின் நடுவில் ஒன்று போனால் காதுக்குத் தெரியாது. ‘ட்டீ’யின் வெடிப்பு போனால் தெரிந்துவிடும். வேண்டுமானால் ஒரு துண்டின் மட்டமான நகலை அடுத்த பொட்டலத்தில் ஒளித்து அனுப்பவும் ஓபஸுக்குத் தெரியும்.

அடுத்த ஏமாற்று வேலை இன்னும் அழகு. தாய் பேசும்போது மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த நேரம் அவள் பக்கத்திலிருந்து எதற்கு நொடிக்கு 50 துண்டு? ஓபஸ் விரும்பினால் 400 மில்லி நொடிக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் முழு நிசப்தம் வந்தால் மனிதர்கள் பயந்துபோய் “ஹலோ? ஹலோ? இருக்கியாடி?” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்காகக் கேட்கும் பக்கத்தில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு போலி இரைச்சலைத் தயாரித்துப் போடுகிறார்கள். லைன் உயிரோடு இருக்கிறது என்று நீங்கள் நம்பிய அந்த மெல்லிய இரைச்சல், பெரும்பாலும் உங்கள் போனே பாடிய பாட்டு.

அரநாயக்க மழையில் இந்தக் கணக்கு கொஞ்சம் தடுமாறும். தகரக் கூரையில் கொட்டும் மழைக்குத் தொண்டையும் கிடையாது, உதடும் கிடையாது. பேச்சுக்கென்று செய்த கணக்குக்குள் அது அடங்காது. குறைந்த பிட்டில் மழையும் குரலும் கலந்து கரகரவென்று வருவது அதனால்தான். 2016 மே 17இல் சாமசரகந்த மலை சரிந்து ஊர்களை மூடிய பகுதி இது. கடும் மழை நாளில் ‘நல்லா இருக்கோம்’ என்ற இரண்டு சொல்லுக்காக வெளிநாட்டில் எத்தனை பேர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு செய்தி. 2024 ஜூனில், வட்ஸ்அப்பின் சொந்தக்காரரான மெட்டா நிறுவனம் ‘எம்லோ’ என்று ஒரு கோடெக்கை அறிவித்தது. நொடிக்கு 6,000 பிட் மட்டுமே ஓடும் மோசமான லைனில் ஓபஸைவிடத் தெளிவாகப் பேசுமாம். பத்து வருடத்துக்கு மேல் பழைய போன்களிலிருந்தும் அப்போது தினம் கோடிக்கணக்கில் வட்ஸ்அப் கோல்கள் போய்க்கொண்டிருந்தன; அவற்றையும் மனதில் வைத்துச் செய்தார்களாம். உள்ளே இருப்பது என்ன? அடலும் ஷ்ரோடரும் தந்த அதே செல்ப்! செயற்கை நுண்ணறிவுக் கோடெக்குகள் பழைய போனுக்குக் கனமாக இருந்ததால், 1985இன் யோசனையைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள்.

ஆகவே, அடுத்த தடவை குரல் விட்டு விட்டு வந்தால் கத்தாதீர்கள். கத்தினால் பிட் கூடாது, மைக்தான் திணறும். முதலில் வீடியோவை நிறுத்துங்கள். குரலைவிடப் பல மடங்கு டேட்டா தின்பது அதுதான். பிறகு மழைச் சத்தம் குறைந்த இடமாகப் பார்த்து, போனை வாய்க்குக் கிட்டே வைத்து, மெதுவாகப் பேசுங்கள்.