மலைப்பாதையில் இழுவை வண்டி

பதுளைக்குச் செல்லும் மலையகப் புகையிரதப் பாதையில், எல்ல நிலையத்துக்கு அப்பால் தெமோதரை என்னும் சிறிய நிலையம் உண்டு. அந்நிலையத்திலிருந்து பதுளை நோக்கி இறங்கும் பாதை, ஒரு குன்றைச் சுற்றி வளைந்து வந்து, அதே நிலையத்தின் அடியில் குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைந்து அப்பாற் செல்கிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைக் கண்ட பொறியியலாளர் ஒருவருக்கு இவ்வளைவின் எண்ணம் உதித்தது என்று ஒரு கதை அவ்வட்டாரத்தில் வழங்கி வருகிறது. கதை எவ்வாறாயினும், வளைவுக்குரிய காரணம் கணக்கில் உள்ளது. 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய இப்பாதையில், சரிவு 44 அடிக்கு ஓர் அடி என்னும் அளவை மீறலாகாது என்பது விதி. நேராக இறங்கினால் அவ்விதி மீறப்படும். ஆகவே பாதையை நீட்டி, வளைத்து, தன்னையே தான் கடக்கச் செய்தனர்.

எஞ்சினுக்குப் பின்னால் பாரம் ஒன்று கோக்கப்பட்டவுடன், மலையின் சரிவே தலைமை அதிகாரி ஆகிவிடுகிறது. இதனைப் புகையிரதப் பொறியியலாளர் நன்கு அறிந்திருந்தனர். ஆனால், பழுதுற்ற மோட்டார்க் கார் ஒன்றை வேறொரு வண்டியின் பின்னால் கட்டி, பண்டாரவளையிலோ பதுளையிலோ உள்ள கராஜுக்குக் கொண்டுசெல்ல முற்படுவோர் பலர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. மலையகத்தில் ஒரு வான் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. அது வழியில் நின்றுவிட்டால், கிடைத்த கயிற்றால், கிடைத்த லொறியில் கட்டிவிடும் அவசரம் இயல்பானதே. புகையிரதப் பாதையை வளைத்தவர்கள் செய்தது போல வீதியை வளைத்துக்கொள்ள அவர்களால் இயலாது. வண்டியைத் தெரிந்தெடுப்பதும், கோக்கும் முறையைச் செம்மை செய்வதும் மட்டுமே அவர்கள் கையில் உள்ளவை.

முதலிற் சரிவின் கணக்கைக் காண்போம். 44க்கு 1 என்னும் சரிவில், 1000 கிலோ எடையுள்ள ஒரு பொருளை மலை ஏறத்தாழ 23 கிலோ விசையுடன் கீழ்நோக்கி இழுக்கிறது. 10க்கு 1 என்னும் சரிவுள்ள வீதியில் அதே பொருளை 100 கிலோ விசையுடன் இழுக்கிறது. 2000 கிலோ எடையுள்ள வண்டியொன்று, 500 கிலோ எடையுள்ள டிரெயிலரில் 1000 கிலோ எடையுள்ள காரை ஏற்றி இழுத்துச் செல்வதாகக் கொள்வோம். மொத்தம் 3500 கிலோ. அச்சரிவில் மலையின் இழுப்பு 350 கிலோ ஆகும். ஏறும்போது இதனை எஞ்சின் தாங்க வேண்டும். இறங்கும்போது பிரேக் தாங்க வேண்டும். மேலும், கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால், சாதாரண எஞ்சின் தன் வலிமையில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. சமவெளியிற் சிரமமின்றி இழுத்த வண்டி மலையில் மூச்சுத் திணறுவதன் காரணம் இதுவே.

பழுதுற்ற காரை அப்புறப்படுத்தும் முறைகள் மூன்று. நான்கு சக்கரமும் தரையிலிருக்கக் கயிற்றாலோ இரும்புத் தண்டாலோ இழுப்பது ஒன்று. முன்சக்கரங்களையோ பின்சக்கரங்களையோ தூக்கிக்கொண்டு இழுப்பது மற்றொன்று. கார் முழுவதையும் டிரெயிலரிலோ தட்டையான தளமுடைய லொறியிலோ ஏற்றிச் செல்வது மூன்றாவது.

இவற்றுட் கயிற்று முறை மலைக்கு மிகவும் பொருந்தாதது. கயிறு இழுக்குமேயன்றித் தடுத்துப் பிடிக்காது. இறக்கத்தில் முன்வண்டி சற்றே வேகங் குறைத்தால், பின்வண்டி அதன்மேல் மோத வரும். அன்றியும், எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை இல்லாமற் போகிறது. ஸ்டீயரிங்கும் கல்லாய்க் கனக்கிறது. திறப்பை எடுத்துவிட்டால், ஸ்டீயரிங் முற்றாகப் பூட்டிக்கொள்வதும் உண்டு. இரும்புத் தண்டு இதனிலும் மேலானது. எனினும் பின்காரின் பிரேக் குறைபாட்டை அது நீக்குவதில்லை. மலையிறக்கத்துக்கு உகந்தது மூன்றாவது முறையே.

தூக்கி இழுக்கும் முறையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எஞ்சினால் இயக்கப்படும் சக்கரங்கள் எவையோ அவையே தரையை விட்டு உயர வேண்டும். தானியங்கிக் கியர்ப் பெட்டியின் எண்ணெய், எஞ்சின் ஓடும்போதுதான் உள்ளே சுற்றி வருகிறது. எஞ்சின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் உருளுமாயின், எண்ணெயின்றிப் பற்சக்கரங்கள் தேய்ந்து கருகும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகளையும், இலங்கை வீதிகளில் இப்போது மலிந்துள்ள ஹைபிரிட் கார்களையும் முழுமையாகத் தூக்கி ஏற்றுவதே நலம். சிறு பழுதுக்காகப் புறப்பட்ட கார், இழுத்த முறையாற் பெரும் பழுதுடன் கராஜை அடைவது வீண் நட்டம்.

இழுக்கும் வண்டியைத் தெரிவு செய்கையில், அது எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று அதனை ஆக்கியோர் குறித்துள்ள அளவே முதற் பிரமாணம். தோட்டங்களில் நெடுங்காலம் பழகிய லாண்ட் ரோவரின் டிஃபென்டர் வகைக்கு, பிரேக் உள்ள டிரெயிலராயின் 3500 கிலோ வரை இழுக்கும் அளவு குறிக்கப்பட்டுள்ளது. பிரேக் இல்லாத டிரெயிலராயின் 750 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பிய நாடுகளின் பொது விதி. மாருதி 800 போன்ற சிறு காரே ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ளது. டிரெயிலரின் எடையையும் கூட்டினால், மிகச் சிறிய காருக்குக்கூடப் பிரேக் உள்ள டிரெயிலரே வேண்டும் என்பது விளங்கும். இழுபடும் மொத்த எடை, இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்துக்கு மேற்படாதிருத்தல் நலம் என்று பிரித்தானியாவிற் பழக்கமற்ற சாரதிகளுக்கு அறிவுரை கூறுவர். மலைப்பாதையில் பழக்கமுள்ளவருக்கும் அது தக்க அறிவுரையே. கொழுந்து மடுவத்திற் கூடையை நிறுக்காமற் கணக்கெழுதுவார் இல்லை. பாரத்தை அறியாமல் வண்டியைக் கோப்பதும் அத்தகையதே. வலியறிதலை விளக்க வந்த திருவள்ளுவர் வண்டியின் அச்சை உவமையாக எடுத்தாண்டது காரணமின்றியன்று.

டிரெயிலரிற் காரை எவ்விடத்தில் நிறுத்துவது என்பது அடுத்த வினா. கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிச் சரிவில் ஏறும் பெண், உடலைச் சற்று முன்சாய்த்தே நடப்பாள். பாரம் பின்னே சரிந்தால் அவளையும் சேர்த்து வீழ்த்தும். டிரெயிலரும் அவ்வாறே முன்பக்கம் சற்றுக் கனத்திருக்க வேண்டும். மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, கொளுவியின் மேல் கீழ்நோக்கி அழுந்துவது பொருத்தமான அளவு. 1500 கிலோவாயின் 150 கிலோ. ஆயின், இழுக்கும் வண்டியின் கொளுவிக்கு ஆக்கியோர் விதித்த எல்லை இதனிலும் குறைவாயின், அந்த எல்லையே செல்லும். பாரம் அச்சுக்குப் பின்னே கூடிவிட்டால், டிரெயிலர் பாம்புபோல் இருபுறமும் நெளியத் தொடங்கும். வேகம் கூடக் கூட நெளிவும் கூடி, முன்வண்டியையே புரட்டிவிடும். முன்னே மிகுதியாக அழுந்தினாலோ, இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படா. காரைச் சில அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தியே இச்சமநிலையைக் காண இயலும். எஞ்சின் முன்புறமுள்ள காரை முகம் முன்னோக்க ஏற்றுவது பெரும்பாலும் பொருந்தும்.

ஏற்றிய காரை நான்கு சக்கரங்களிலும் அகன்ற வார்ப்பட்டைகளாற் கட்ட வேண்டும். உடற்பகுதியில் மட்டும் கட்டினால், கார் தன் சுருள்வில்களின் மேல் அசைந்து கட்டைத் தளர்த்திவிடும். புறப்பட்டுச் சில கிலோமீற்றர் சென்றபின் நிறுத்தி, பட்டைகளை மீண்டும் இறுக்குதல் இன்றியமையாதது.

கொளுவிக் குண்டிலும் ஒரு நுட்பம் உண்டு. ஐரோப்பிய முறையில் அதன் விட்டம் 50 மில்லிமீற்றர். அமெரிக்க முறையில் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் 50 மில்லிமீற்றர்க் குண்டின்மேல் 2 அங்குலக் கிண்ணத்தை மாட்டினால், இடைவெளி உண்டாகி அது குலுங்கித் தேயும். ஒரு பள்ளத்தில் துள்ளும்போது கழன்றும் போகலாம். பழைய வண்டிகளின் உறுப்புகளை வாங்கிப் பொருத்துவோர் இதனை அளந்து பார்த்தே வாங்குதல் வேண்டும். கொளுவியின் அடியில் இரு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டினால், கொளுவி கழன்றாலும் டிரெயிலரின் மூக்கு நிலத்திற் குத்தாது, சங்கிலித் தொட்டிலில் விழும்.

சங்கிலியும் அறுந்தால் யாது செய்வது? இவ்வினாவுக்குப் புகையிரத உலகம் பெரும் விலை கொடுத்தே விடை கண்டது. 1889ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள், அயர்லாந்தின் ஆர்மா நகரருகே, சிறுவர் பலரை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் புகையிரதம் ஒன்று பாரம் மிகுந்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்பகுதிப் பெட்டிகளைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, முன்பகுதியை மட்டும் மேலே கொண்டுசெல்ல முயன்றனர். பெட்டிகளின் பிரேக்கோ எஞ்சினுடன் இணைந்திருக்கும்வரை மட்டும் வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. கழற்றப்பட்ட பெட்டிகள் கற்களை நசுக்கிக்கொண்டு கீழ்நோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியுடன் மோதின. எண்பது பேர் மாண்டனர். அவ்வாண்டே, இணைப்பு அறுந்தால் தானாகவே அழுந்தும் பிரேக்கைப் பயணிகள் புகையிரதங்களில் பொருத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறியது. இலங்கைப் புகையிரதங்களிற் பயன்பட்ட வெற்றிடப் பிரேக்கும் அத்தகையதே. குழாய் பிரிந்தவுடன் காற்று உட்புகுந்து, எல்லாப் பெட்டிகளின் பிரேக்குகளும் அழுந்திவிடும்.

நல்ல டிரெயிலரில் இதே தத்துவம் ஒரு மெல்லிய கம்பி வடிவில் அமைந்துள்ளது. அதன் ஒரு முனை டிரெயிலரின் பிரேக்கிலும் மறுமுனை இழுக்கும் வண்டியிலும் பூட்டப்படும். டிரெயிலர் பிரிந்து ஓடினால், கம்பி இழுபட்டு டிரெயிலரின் பிரேக்கை அழுத்திவிட்டு அறும். நூற்றுக்கணக்கான கிலோ பாரத்தின் கதியை முடிவு செய்யும் அக்கம்பியைப் பூட்ட மறப்பவர் பலர் என்பதே வருந்தத்தக்கது.

இறக்கமே உண்மையான பரீட்சை. எல்லவிலிருந்து வெல்லவாய வரை உள்ள வீதி, முப்பது கிலோமீற்றருக்குட்பட்ட தூரத்தில் ஏறத்தாழ 800 மீற்றர் இறங்குகிறது. மேற்கூறிய 3500 கிலோ பாரம் அவ்வளவு தாழ இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், எண்பது லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் ஒரு பகுதியைக் கவரும். எஞ்சியதை எஞ்சினிடம் ஒப்படைக்காவிடில், அத்தனையும் பிரேக்கையே சுடும். அளவு கடந்து சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெயில் ஈரம் கலந்திருந்தால் அது கொதித்து ஆவியாக, மிதிகட்டை வெறுமையாய்த் தரையைத் தொடும். ஆதலால், ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும்; பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியிராமல், விட்டுவிட்டு உறுதியாக அழுத்த வேண்டும். முன்வண்டியை டிரெயிலர் நெருக்கித் தள்ளும்போது தானே அழுந்தும் வகைப் பிரேக், நெடிய இறக்கத்தில் ஓய்வின்றி உழைத்துச் சூடேறும். இடையிடையே நிறுத்தி ஆறவிடுதல் அவசியம். அவ்வீதியில் 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள் இரவு பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் உயிரிழந்தனர். அது இழுவை வண்டி அன்றாயினும், அம்மலையிறக்கத்தை எளிதாக எண்ணலாகாது என்பதை நாடறியச் செய்தது.

வளைவுகளும் கவனத்துக்குரியவை. புகையிரதப் பெட்டிகள் தண்டவாளத்துக்கு அடங்கி, எஞ்சின் சென்ற தடத்திலேயே செல்லும். டிரெயிலர் அவ்வாறன்று, வளைவின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிச் செல்லும். உட்பக்கம் மண்சுவராயின் காருக்குச் சேதம். பள்ளமாயின் உயிருக்கே சேதம். ஆகவே சாரதி வளைவை அகலமாக எடுத்தல் வேண்டும். எதிரே வருவோர் அறிய ஒலியெழுப்புதலும் வேண்டும்.

இறுதியாக, டிரெயிலரின் மேலும், அதில் ஏற்றிய காருக்குள்ளும் ஒருவரையும் அமர்த்தலாகாது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிச் செல்லும் வழக்கம் தோட்டங்களிற் பழகிப்போனதால், இதனையும் அவ்வாறே கருதுவோர் உளர். வழித்துணையாக வரும் இளைஞன் இழுக்கும் வண்டியில் ஓர் இருக்கையில் அமரட்டும். இடமில்லையெனின் பஸ்ஸில் வரட்டும். நட்டமடைந்த காரைத் திருத்திக்கொள்ளலாம். தெமோதரையில் பாதையைச் சுற்றி வளைத்தவர்கள் வழியின் நீளத்தை எண்ணிக் கவலைப்படவில்லை. பாரம் பத்திரமாக இறங்குவதையே எண்ணினார்கள். அந்தப் பொறுமை, ஒரே ஒரு காரை இழுத்துச் செல்பவருக்கும் வேண்டுவதாகும்.