கராஜிலிருந்து வந்த கார் ஏன் மங்குகிறது?

வாகனம் வைத்திருக்கும் வாசகர்களில் அரைவாசிப் பேருக்காவது இந்த அனுபவம் இருக்கும். எங்கோ ஒரு உரசல். டிங்கர், பெயின்ட் வேலைக்கு கராஜில் விடுகிறோம். சொன்ன நாளைத் தாண்டி ஒரு வாரம் கழித்து வண்டி வருகிறது. வந்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு மாதம் போனால், திருத்திய கதவு மட்டும் சாம்பல் பூத்தது போல் தனியாகத் தெரியும்.

எனக்கு இது 2023 ஓகஸ்டில் நடந்தது. கெய்சர் வீதியில் சரக்கு இறக்கிவிட்டுப் பின்னால் எடுத்த லொறி ஒன்று, நிறுத்தியிருந்த என் கறுப்பு நிற டொயோட்டாவின் இடப்பக்கத்தை உரசிக்கொண்டு போனது. முன் கதவு, பின் கதவு, மட்கார்ட் மூன்றிலும் காயம். தெரிந்தவர் ஒருவர் காட்டிய கராஜில் விட்டேன். எண்பத்தையாயிரம் ரூபா, பத்து நாள் என்றார்கள். இருபத்து மூன்று நாள் எடுத்தது. மஃரிபுக்குப் பிறகு டியூப் லைட் வெளிச்சத்தில் வண்டியைக் கையேற்றுக் காசையும் கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த முதற் பிழை. துணிக்கடைக்காரன் நான். எந்தத் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. ஆனால் என் சொந்த வாகனத்தை இருட்டில் பாரமெடுத்தேன்.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோதே மனதுக்குச் சரியாகப் படவில்லை. திரும்பப் போய்க் கேட்டேன். “முதலாளி, புதுப் பெயின்ட்தானே, ஒரு மாசம் வெயில்ல நிக்கட்டும், தானா மினுக்கம் வரும்” என்றார் பெயின்ட் பாஸ். நம்பினேன். ஒக்டோபரில் பார்த்தால், இருந்த மினுக்கமும் போயிருந்தது.

இதைச் சாதாரணமாக விட்டிருப்பேன். ஆனால் அந்த வருடம் வியாபாரம் இறுகியிருந்தது. நவம்பர் முடிவில் ஒரு பெரிய காசோலை வங்கிக்குப் போகவிருந்தது. காரை விற்றுத்தான் அதை நிரப்ப வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியும். தனியார் பாவனை வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஆகவே 2023இல் நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய காரின் மேற்தோலுக்கே ஒரு விலை இருந்தது. பார்க்க வந்த முதல் ஆள் எஞ்சினைத் திறக்கவே இல்லை. இடப்பக்கக் கதவில் விரலை ஓட்டிவிட்டு, “இது அடிபட்ட வாகனம், இரண்டு இலட்சம் குறையுங்கள்” என்றார். உரசல்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். தெமட்டகொடையில் முப்பது வருடமாக பொலிஷ் வேலை செய்யும் ஒரு நானாவிடம் கற்றதுதான் அதிகம்.

அந்தக் காலத்தில் டியுகோ என்று சொன்ன லெக்கர் பெயின்ட் 1923இல் அமெரிக்காவில் வந்தது. நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சில் இருக்கும். மங்கினால் தேய்த்து மினுக்கலாம். இன்றைய கார்களின் கதை வேறு. தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் காணும் மினுக்கம் முழுவதும் அந்தக் கடைசிப் பூச்சில்தான் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். தொழிற்சாலையில் அடித்த எல்லாப் பூச்சும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரோன் வரைதான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரோன். தலைமயிரின் தடிப்பை விடவும் குறைவு. இந்தக் கணக்கு தெரியாமல் யாரும் தன் காரில் பொலிஷ் மெஷின் வைக்கக் கூடாது.

அப்படியானால் கராஜில் அடித்த கிளியர் ஏன் மங்குகிறது? பெயின்டைக் குறை சொல்வோம். பெரும்பாலும் பிழை தின்னரிலும் அவசரத்திலும்தான் இருக்கிறது.

கிளியர் கோட்டுடன் அதற்குரிய ஹார்ட்னரைக் கலக்க வேண்டும். இரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று டின்னிலேயே அளவு போட்டிருக்கும். அதற்கென்றே தின்னரும் உண்டு. விலை கூடியது. அதற்குப் பதிலாக மலிவான தின்னரைக் கூடுதலாக ஊற்றினால் ஸ்ப்ரே கன்னில் இலேசாகப் போகும், கிளியரும் மிச்சம். ஆனால் பூச்சு மெல்லியதாகிவிடும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் விட வேண்டிய பத்துப் பதினைந்து நிமிடத்தையும் விடாமல் அடித்தால், அடியிலுள்ள தின்னர் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். மேலே காய்ந்ததாகத் தோன்றும். பிறகு வாரக்கணக்கில் அது மெதுவாக ஆவியாகி வெளியேறும்போது பூச்சு சுருங்குகிறது. அடியில் தேய்த்த பேப்பரின் கீறல்கள் மேலே எழுந்து தெரிகின்றன. கையேற்ற அன்று மினுங்கிய கதவு ஒரு மாதத்தில் மங்குவதன் இரகசியம் இதுதான். வெயிலில் நின்றால் மினுக்கம் வரும் என்று பாஸ் சொன்னது நேர்மாறானது.

அடுத்தது ஈரம். கொழும்பின் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. விரைவாக ஆவியாகும் தின்னர் பறக்கும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்த சோடாப் போத்தலில் வியர்ப்பது போல அதன் மேல் நீர் படியும். பால் கலந்தது போன்ற வெண்மை அப்படித்தான் வருகிறது. கொம்பிரஸர் தாங்கியில் தேங்கும் தண்ணீரைக் காலையில் திறந்து விடாவிட்டால் அதுவும் கன் வழியாகவே வந்து சேரும். நல்ல கராஜ்களில் மூடிய அறை உண்டு. அடித்த பின் தகரத்தை 60 பாகை வரை சூடாக்கி அரை மணி நேரம் வைப்பார்கள். என் கார் தகரக் கூரைக்குக் கீழே, மழைச்சீலை கட்டிய இடத்தில், மழை விட்ட ஒரு பிற்பகலில் அடிக்கப்பட்டதாகப் பிறகு அறிந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கராஜுக்குத் திரும்பப் போன நாளில், பதினெட்டு வயதுகூட ஆகாத ஒரு பையன் முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு கிளியர் அடித்துக்கொண்டிருந்தான். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. தொழில் காரணமாக வரும் ஆஸ்துமாவுக்கு அது பெயர் போனது. லேஞ்சி அதைத் தடுக்காது. என் கதவு மங்கியதற்கு நான் சண்டை பிடிக்கப் போனேன். அவனுக்காக யார் பேசுவது?

தெமட்டகொடை நானா முதலில் செய்தது ஒரு வேடிக்கையான சோதனை. ஒரு போத்தல் தண்ணீரைக் கதவில் ஊற்றினார். ஈரமாக இருக்கும்வரை கதவு கண்ணாடி போல மினுங்கியது. காய்ந்ததும் பழையபடி மங்கியது. “தம்பி, இது மேல்வருத்தம். தேய்ச்சு எடுக்கலாம்” என்றார். மட்கார்டில் ஊற்றியபோது ஈரத்திலும் அந்தப் பால்நிறம் போகவில்லை. “இது உள்வருத்தம். பொலிஷ் போட்டுக் காசை வீணாக்காதீங்க.” ஐந்து சதம் செலவில்லாத இந்தச் சோதனையை வீட்டிலேயே எவரும் செய்து பார்க்கலாம்.

பிறகு பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவியை எடுத்தார். யாரும் தொடாத பொனட்டில் 110 காட்டியது. முன் கதவில் 230. அதாவது பழைய பூச்சின் மேல் புதியது போதியளவு ஏறியிருக்கிறது, தேய்க்க இடமுண்டு. பின் கதவின் மேற்பகுதியும் அப்படியே. அதன் கீழ்ப்பகுதியில் 900ஐத் தாண்டியது. அங்கே புட்டி நிரப்பியிருக்கிறார்கள். மட்கார்டில் 125 மட்டும்தான். பழையதைத் தேய்த்துவிட்டு, மேலே பெயருக்கு ஒரு பூச்சு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தக் கருவியுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. வாய் சொல்லாததை அது சொல்லும். ஆனால் பிளாஸ்டிக் பஃபரில் அது வேலை செய்யாது.

கதவுகளில் அவர் செய்த வேலையை அரை நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். கழுவி, நிழலில் நிறுத்தி, கதவின் விளிம்புகளுக்கும் மடிப்புக் கோடுகளுக்கும் டேப் ஒட்டினார். விளிம்பில் பூச்சு எப்போதும் மெல்லியது, மெஷின் பட்டால் முதலில் கிழிவது அங்கேதான். சவர்க்காரத் தண்ணீரில் ஊறிய 2000ஆம் இலக்க வோட்டர் பேப்பரை மென்மையான கட்டையில் சுற்றி, அழுத்தாமல் ஒரே திசையில் தேய்த்தார். அடிக்கடி துடைத்துப் பார்த்தார். கதவு முழுவதும் சுண்ணாம்பு பூசியது போல ஆனபோது என் வயிற்றைக் கலக்கியது. அடுத்து 3000ஆம் இலக்கம். பிறகு மெஷினில் கொம்பவுண்ட். தகரம் கையில் சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டுத் தொட்டு நிறுத்தினார். கடைசியில் மென்மையான ஸ்பொஞ்சில் பொலிஷ்.

எல்லாம் முடிந்து கதவு மினுங்கியதும் நான் காசை எடுத்தேன். அவர் வாங்கவில்லை. ஸ்பிரிட் கலந்த தண்ணீரால் கதவைத் துடைத்து, வெயிலுக்கு எடுத்து, மறுபடி பார்க்கச் சொன்னார். சில பொலிஷ்களில் உள்ள எண்ணெய்த்தன்மை கீறல்களை நிரப்பி மறைக்கும். இரண்டு முறை கழுவினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். துடைத்த பின்னும் நிற்பதுதான் உண்மையான மினுக்கம். “கட் என்ட் பொலிஷ்” என்று பலகை போட்ட இடங்களில் வேலை கொடுப்பவர்கள் இதைக் கேட்டுச் செய்விக்கலாம். புதிதாக அடித்த பெயின்டுக்கு இரண்டு மூன்று மாதம் மெழுகு பூச வேண்டாம் என்றும் சொன்னார். உள்ளே மிச்சமுள்ள தின்னர் வெளியேற வேண்டும்.

மட்கார்டுக்கு மறுபடி கராஜ்தான். இம்முறை கையில் கணக்குத் தாளும், நானா எழுதித் தந்த அளவுகளும் இருந்தன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருள் விற்பனைக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். வேலை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும் என்பது எழுதாமலே உள்ள உத்தரவாதம். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டு வாரம் மிச்சமிருந்தது. அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். ஆனால் குரலை உயர்த்தவில்லை. அதற்கும் காரணம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு தையற்காரர் சாயம் போன துணியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். “ரெண்டு தண்ணி போடுங்க, நின்றும்” என்று சொல்லி அனுப்பியவன் நான். அவர் பிறகு வரவேயில்லை. கராஜ் முதலாளியின் முகத்தைப் பார்த்தபோது அந்தத் தையற்காரர்தான் நினைவில் வந்தார்.

முதலாளி தாளை வாசித்தார். பாஸைக் கூப்பிட்டு மட்கார்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மூன்றையும் புதிதாக அடித்துத் தருவதாகச் சொன்னார். கதவுகளைத் தொட வேண்டாம் என்றேன். 230க்கு மேல் இன்னொரு அடுக்கு ஏறினால் நாளைக்கு வெடிக்கும் என்று நானா எச்சரித்திருந்தார். மட்கார்டை மட்டும் தேய்த்து எடுத்து, வெயில் நாளொன்றின் காலையில், உரிய ஹார்ட்னரும் தின்னரும் போட்டு அடித்துத் தந்தார்கள். காசு வாங்கவில்லை. பொலிஷுக்கு நான் கொடுத்த பதினெட்டாயிரத்தில் பாதியையும் முதலாளி தந்தார். நிறத்துக்கு கார்த் தகட்டிலுள்ள இலக்கத்தையே கொடுத்தேன். டொயோட்டாவில் 209 என்றால் கறுப்பு மைக்கா. சாரதிப் பக்கக் கதவுத்தூணிலோ பொனட்டுக்கு உள்ளேயோ இருக்கும். கண் பார்வையில் நிறம் கலக்க விடாதீர்கள். காப்புறுதியில் திருத்துபவர்கள், வேலை திருப்தி என்று கராஜ்காரர் நீட்டும் தாளில் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் கையொப்பம் இடவும் வேண்டாம்.

நவம்பர் மூன்றாம் வாரம் குருணாகலிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வந்தார். அவர் இடப்பக்கம் போகுமுன்பே லொறி உரசியதைச் சொன்னேன். பின் கதவின் கீழே புட்டி இருக்கிறது என்று இடத்தையும் தொட்டுக் காட்டினேன். குனிந்து வெகு நேரம் பார்த்தார். ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டேன். காசோலை உரிய நாளில் போனது.