கோடியக்கரைக்குப் போனோம், கொல்லை வேலியைப் பார்த்தோம்

எங்கள் கொல்லையின் தெற்குப் பக்கம் அரை ஏக்கர் புதர் இருக்கிறது. காரை, சூரை, ஆதண்டை, நொச்சி, நடுவில் நாலைந்து வேம்பு, இரண்டு நாவல். தாத்தா காலத்திலிருந்து யாரும் கை வைக்காத இடம். இந்தத் தை மாசம் பொங்கல் முடிந்த கையோடு என் தம்பி ஒரு ஜேசிபிக்காரரிடம் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டான்.

"அரை ஏக்கர் சும்மா கெடக்குதுண்ணா. பாம்பும் பன்னியுந்தான் குடியிருக்கு. தள்ளிவுட்டு ஒட்டுக்கன்னு வெச்சா மூணாவது வருசம் கொட்டை பொறுக்கலாம்" என்றான்.

கணக்கில் தப்பில்லை. ஒட்டு முந்திரி மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வரத்தான் செய்யும். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று அவனுக்குப் புரியும்படி சொல்லவும் தெரியவில்லை.

அந்த வாரம்தான் எங்கள் பகுதி இயற்கை உழவர்கள் கூடிய இடத்தில், சனி ஞாயிறு இரண்டு நாள் கோடியக்கரைக் காட்டுக்குப் போய்வருவது என்று முடிவானது. முந்திரி பூத்து நிற்கிற நேரம், மல்லாட்டை களையெடுத்தாகிவிட்டது, இரண்டு நாள் விட்டுப் போகலாம். வேன் ஒன்று, ஆள் பதினோரு பேர். தம்பியையும் விடாமல் ஏற்றிக்கொண்டேன். "மானைப் பாக்கவா 200 கிலோமீட்டர்?" என்று முனகிக்கொண்டேதான் ஏறினான்.

நிலக்கரியும் ஒரு காலத்துக் காடுதான்

விடியக்காலை நான்கு மணிக்குப் பண்ருட்டியை விட்டோம். காடாம்புலியூர், வடலூர் தாண்டிச் சேத்தியாத்தோப்பு சாலையில் போகும்போது நெய்வேலிச் சுரங்கத்து மண்மேடுகள் இருட்டில் மலை மாதிரி தெரிந்தன. வண்டியில் இருந்த இளைஞர் ஒருவர், சென்னை வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்தவர், கேட்டார்: "அந்தப் பழுப்பு நிலக்கரி எப்படிங்க வந்துச்சு?"

கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால் இங்கே நின்ற காடுதான் சேற்றில் புதைந்து, மண் மூடி, அழுந்தி நிலக்கரியானது. 1956இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து அந்தப் பழைய காட்டைத் தோண்டி எரித்துத்தான் விளக்கு எரிகிறது. அதை எடுக்க மேலே இருந்த ஊரும் கொல்லையும் போயின. இதைச் சொன்னதும் வண்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்களில் இரண்டு பேருடைய சொந்த ஊர் இப்போது அந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறது.

சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம். வேளாங்கண்ணியைத் தாண்டியதும் சாலையோர வயல்களைக் காட்டிப் பெரியவர் ஒருவர் பேச ஆரம்பித்தார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கடலோர வயல்களில் உப்புச் சேறு ஏறியது. இனி பல வருசத்துக்கு ஒன்றும் விளையாது என்று கைவிட்ட பேச்சு ஊரெல்லாம் ஓடியது. நம்மாழ்வார் ஐயாவும் நாகை உழவர்களும் சேர்ந்து வரப்பு உயர்த்தி, மழைத்தண்ணீரைத் தேக்கி உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டு மாதிரிப் பசுந்தாள் விதைத்து மடக்கி உழுது மீட்டார்கள். மண் செத்துவிட்டது என்று சீக்கிரம் சொல்லக் கூடாது என்பதற்கு அந்த வயல்களே சாட்சி.

தானேவும் கஜாவும்

வேதாரண்யத்தில் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டில் மதியச் சாப்பாடு. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையேறியது. அப்போது எங்கள் ஊர்களிலிருந்து அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிப் போன லாரியில் நானும் போயிருந்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இது.

சாப்பிட்டு முடித்து முற்றத்தில் உட்கார்ந்தோம். எங்களுக்கு 2011 டிசம்பர் 30 தானே, அவர்களுக்கு கஜா. இரண்டு கதையும் ஒன்றுதான். பண்ருட்டிப் பக்கம் தாத்தா வைத்த பலா, அப்பா வைத்த முந்திரி எல்லாம் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. வேதாரண்யத்தில் தென்னையும் மாவும் சவுக்கும் சாய்ந்தன.

"மரம் வுழுந்ததுகூடப் பெரிசில்லீங்க. மறுநாள் வெளிய வந்து பாத்தா, எல்லாப் பக்கமும் வானம் தெரியுது. அதத்தான் தாங்க முடியல" என்றார் அந்தத் தோப்புக்காரர்.

அதைக் கேட்டுத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். தானே அடித்த அன்று எங்கள் முந்திரிக் கொல்லையில் நின்று அவன் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

வெளியில் வாழ்வதால் வெளிமான்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 11 கிலோமீட்டர். அகத்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டினால் காடு தொடங்குகிறது. 1967இல் வெளிமானுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். சுற்றியுள்ள சதுப்பையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு 2002இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுதான்.

அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். வெயில் தாழ்ந்த நேரம். புல்வெளியில் இருபது முப்பது மான் மேய்ந்துகொண்டிருந்தன. ஆணுக்கு முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. பெண்ணுக்கு மண் நிறம், கொம்பு கிடையாது. ஒன்று துள்ளியதும் அடுத்தடுத்து எல்லாம் துள்ளின. முனகிக்கொண்டு வந்த தம்பி வாய் பிளந்து நின்றான்.

கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் எங்களை உழவர்கள் என்று தெரிந்ததும் மனம்விட்டுப் பேசினார். "இது வெளியில வாழற மான். மரத்துக்குள்ள போயி ஒளியத் தெரியாது. கண்ணுக்கெட்டுன தூரம் தெரியணும், ஓட இடம் இருக்கணும். அந்த வெளியைத்தான் சீமைக்கருவேலம் தின்னுட்டு வருது."

மாடு, காட்டில் திரியும் மட்டக்குதிரைகள், மான் எல்லாமே கருவேலங்காயைத் தின்கின்றன. சாணத்தோடு விழுகிற விதை சுலபமாக முளைக்கிறது. வெட்டினால் தூரிலிருந்து கிளைக்கிறது. வேரோடு எடுத்து, முளைக்க முளைக்கப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குதிரைகளும் மானும் ஒரே புல்லுக்குப் போட்டி போடுகின்றன. வீட்டில் வளர்த்து விட்ட குதிரைகளின் வாரிசுகள் அவை. பார்க்க அழகாக இருந்தாலும் காட்டுக்குக் கூடுதல் வாய்கள்.

நாங்கள் எல்லோரும் 'மரம் நடு, மரம் நடு' என்றே பேசிப் பழகியவர்கள். புல்வெளியாக இருக்க வேண்டிய இடத்தில் மரம் வந்தாலும் கேடுதான் என்று அங்கேதான் உறைத்தது. எந்த இடத்தில் எது இருந்ததோ அது இருக்க வேண்டும்.

பொழுது சாய்கையில் சதுப்போரம் நின்றோம். தூரத்தில் தண்ணீருக்கு மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு. பூநாரைக் கூட்டம். உள்ளான்கள் சேற்றில் கொத்திக்கொண்டிருந்தன. சாலிம் அலியின் காலத்திலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டி, எங்கிருந்து வருகின்றன என்று பதிவு செய்துவருகிறார்கள்.

படுத்தபடியே துளிர்த்த பாலை

நான் தம்பிக்குச் சொல்லத் தெரியாமல் தவித்த விஷயம் ஞாயிறு காலையில் தானாகவே எதிரே வந்தது.

இராமர் பாதம் போகிற வழியில் காடு அடர்ந்து நிற்கிறது. உயரம் அதிகமில்லை. பாலை, நாவல், வீரை, இடையில் காரை, சூரை, சங்கஞ்செடி, மேலே படர்ந்த கொடி. இலையெல்லாம் தடித்து, மெழுகு தேய்த்தது போல. வருசத்தில் பாதிக்கு மேல் மழை கிடையாது, ஆனாலும் இலை மொத்தமாக உதிர்வதில்லை. இதற்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். சோழமண்டலக் கரைக்கே உரிய காடு. நாட்டில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் பெரிய துண்டுகளில் ஒன்று இது.

கஜாவில் இந்தக் காடும் தப்பவில்லை. மரங்கள் முறிந்தன, மான்களும் செத்தன. ஆனால் சாய்ந்து கிடந்த ஒரு பாலைமரத்தைக் காவலர் காட்டினார். பாதி வேர் வெளியே, மரம் படுத்துக் கிடக்கிறது. படுத்த தண்டிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் நேராகக் கிளைகள் எழுந்து நிற்கின்றன. அதைச் சுற்றித் தரை தெரியாமல் கன்றும் கொடியும்.

"இத யாரு தூக்கி நிறுத்துனா?" தம்பி கேட்டான்.

"யாரும் தொடலீங்க. தொடாம வுட்டதுதான் வேலை" என்றார் காவலர்.

கீழே குனிந்து இலைச்சருகை விலக்கினேன். ஒரு சாண் அளவுக்கு மூடாக்கு. அதன் அடியில் கடல்மணல், கறுத்து, ஈரமாக. எட்டு எரு வண்டி அடித்தாலும் நம் கொல்லையில் அந்த நிறம் வராது. எங்கள் முந்திரித் தோப்பில் சருகைக் கூட்டிக் கொளுத்துவோம், கொட்டை பொறுக்க வசதியாக இருக்கும் என்று. எல்லா மரமும் ஒரே வயசு, ஒரே உயரம். ஒரே காற்றில் எல்லாம் போய்விட்டது. இங்கே பல வயசு, பல உயரம், பல வேர். ஒன்று விழுந்தால் இன்னொன்று அந்த இடத்தைப் பிடிக்கிறது.

தம்பி ஒரு முள்செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம தெற்கு வேலியில இருக்கற காரைதானே?" என்றான்.

"ஆமாண்டா."

"இந்தச் சூரையும்?"

"அதுவுந்தான்."

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் திருமாணிக்குழி

கடலூர் வந்ததும் பாலூர் சாலையைப் பிடித்துத் திருமாணிக்குழிக்குப் போனோம். பண்ருட்டிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர். அங்கும் கடலூரை அடுத்த குழந்தைக்குப்பத்திலும் எஞ்சியிருக்கும் காட்டைப் புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரம் மரமாக எண்ணி 1997இல் வெளியிட்டார்கள். கோடியக்கரையில் பார்த்த அதே வகைக் காடு. நம் செம்மண்ணில் முந்திரிக்கு முன்னால் என்ன நின்றது என்பதற்கு இந்தத் துண்டுகள்தான் பதில். முந்திரி பிரேசில் மரம், போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. நம்மை வாழவைக்கிற மரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மண்ணின் மூத்த பிள்ளைகள் வேறு.

அழிந்த காடு திரும்புமா என்று கேட்பவர்கள் ஆரோவில்லுக்குப் போய்ப் பார்க்கலாம். 1968இல் அது தொடங்கியபோது ஓடை அரித்த வெறும் செம்மண் மேடு. மண்ணைத் தடுத்து, மழையைத் தேக்கி, இதே உள்ளூர் மரங்களை நட்டு வளர்த்தார்கள். இன்று காடு. அந்தப் பக்கத்து நாற்றங்கால்களில் இந்த மரக்கன்றுகள் கிடைக்கின்றன.

நம் கொல்லையில் என்ன செய்யலாம்

முதலில், இருக்கிற புதரை அழிக்காதீர்கள். புதிதாக நடுவதைவிட அது பல மடங்கு சுலபம்.

வேலி புதிதாக வைப்பவர்கள் வெளி வரிசையில் கிளுவைப் போத்து, காரை, சூரை; உள் வரிசையில் நொச்சி, ஆடாதொடை; இடையிடையே வேம்பு, பூவரசு, நாவல், புங்கன் வைக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் போத்தும் கன்றும் மண்ணுக்குள் இருந்தால் அடைமழையே பிடிக்கவைத்துவிடும். பாலை மெதுவாகத்தான் வளரும். பேரப்பிள்ளைக்கு என்று நினைத்து ஒன்றிரண்டு வையுங்கள். விதை காயுமுன் போட வேண்டும். சீமைக்கருவேலம் தலைகாட்டினால் சின்னதிலேயே வேரோடு பிடுங்குங்கள். பழம் தின்ன வரும் சின்னானும் மைனாவும் மீதி விதைப்பைப் பார்த்துக்கொள்ளும்.

பன்றித் தொல்லை, மயில் தொல்லை பற்றித் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. புதரை ஒட்டி மல்லாட்டை போட்டால் நமக்குப் பாதிதான் மிஞ்சும். அதனால் வேலிக்கும் பயிருக்கும் நடுவே பத்தடி வெற்றிடம் விட்டு, அதற்கடுத்த பட்டத்தில் அவை அவ்வளவாகத் தொடாத பயிராகப் பார்த்து வைப்பது என்று பேசியிருக்கிறோம்.

ஞாயிறு இரவு வீடு சேர மணி பத்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை ஜேசிபிக்காரர் போன் செய்தார். தம்பிதான் எடுத்தான். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "மேக்கால ஒரு பண்ணைக்குட்டை வெட்டணும், அதுக்கு வாங்க. தெற்கால வேண்டாம்" என்றான்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அரை ஏக்கர் கொட்டை போச்சுண்ணா. அடுத்த புயல்ல கணக்குப் பாக்கலாம்."