கோலிக்குண்டு வாக்கு

எழுத்தறிவில்லாதவர்களுக்கும் வாக்குரிமை கொடுத்ததால்தான் தேர்தல்கள் சீர்கெடுகின்றன என்று மனம் வருந்தி எழுதியிருக்கும் அன்பருக்கு விடையாக, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நதியின் இரு கரைகளிலும் குறுகலாக நீண்டு கிடக்கும் காம்பியா என்ற சிறு தேசத்தின் வாக்குச்சாவடியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

நம் தேசத்திலும் 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், வாக்காளரில் பெரும்பாலோர் எழுத்து வாசனை அறியாதவர்கள் என்பதை உணர்ந்து, அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி வைத்து அதன்மேல் அவரவர் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். 1965-ல் சுதந்திரம் பெற்ற காம்பியாவோ அந்த வழியில் இன்னும் ஓரடி முன்சென்று, சீட்டையே வேண்டாமென்று விட்டுவிட்டது.

அங்கே வாக்காளர் கையில் கொடுப்பது ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு. மறைப்புக்கு உட்புறம், வெவ்வேறு வர்ணம் பூசி அபேட்சகரின் படம் ஒட்டிய இரும்புப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கின்றன. விரும்பியவருடைய பீப்பாயின் தலையிலுள்ள குழாயில் குண்டை இட்டதும், அது உருண்டு சென்று உள்ளே பொருத்தியிருக்கும் மணியில் மோதி ஒலி எழுப்பிவிட்டுக் கீழே விழுகிறது. இந்த மணிதான் என் நெஞ்சைக் கவர்ந்தது. வெளியே அமர்ந்திருக்கும் அதிகாரி, வாக்கு யாருக்கு என்பதைக் காணாமலே, ஒருவர் ஒரு முறைக்கு மேல் வாக்களிக்கவில்லை என்பதைக் காதினால் அறிந்துகொள்கிறார்; ரகசியமும் நேர்மையும் ஒரே சாதனத்தால் காப்பாற்றப்படுகின்றன. விழும் குண்டு அடித்தகட்டில் மோதி இரண்டாவது ஓசை எழுப்பிச் சந்தேகம் விளைவிக்காதபடி, மணலோ மரத்தூளோ பரப்பி வைக்கிறார்கள். சைக்கிள் மணியின் நாதம் இதனோடு குழம்பிவிடக் கூடுமாதலால், தேர்தல் தினத்தன்று சாவடிக்கு அருகே சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

எண்ணும் முறையும் அழகானது. என் அத்தை வைத்திருந்த பல்லாங்குழியைப் பன்மடங்கு பெருக்கியது போன்ற, 200 அல்லது 500 குழிகள் உள்ள தட்டுகளில் குண்டுகளை நிரப்புகிறார்கள். தட்டு நிறைந்ததா இல்லையா என்பதைக் கணக்கறியாத பாமரரும் கண்ணாரக் கண்டு தெளியலாம். 22 ஆண்டுகள் ஆட்சிபீடத்தில் இருந்த யாஹ்யா ஜம்மே, 2016 டிசம்பரில் ஆடமா பாரோவிடம் தோற்றது இந்தக் குண்டுகளால்தான். தோல்வியை முதலில் ஒப்புக்கொண்டு, பின்னர் மறுத்து, அண்டை நாட்டுப் படைகள் எல்லை கடந்து வந்த பிறகே அவர் தேசத்தை விட்டு நீங்கினார்.

இம்முறையைப் பாமரத்தனம் என்று எண்ணுவோர், கல்வியும் செல்வமும் மிகுந்த அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் 2000-ல் ஜனாதிபதித் தேர்தலின்போது நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். பாம் பீச் பகுதியில், முதியோர் படிப்பதற்காக எழுத்தைப் பெரிதாக்கும் நல்லெண்ணத்தோடு, அபேட்சகர் பெயர்களை எதிரெதிரான இரு பக்கங்களில் அச்சிட்டு, துளையிடும் இடங்களை நடுவே ஒரே வரிசையாக அமைத்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்கு உரியது மூன்றாவது துளை. இரண்டாவது துளையோ வலப்பக்கத்துப் பாட் புக்கானனுக்கு உரியது. படித்தவர்களே தடுமாறி, ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளை இட்டதால், அந்த ஒரு பகுதியில் மட்டும் 19,000-க்கு மேற்பட்ட சீட்டுகள் செல்லாமற் போயின. சீட்டை வகுத்தவர்களின் கவனக்குறைவுக்காக வாக்களித்தவர்கள் உரிமையிழப்பதை அநீதி என்றே சொல்வேன். அம்மாகாணத்தில் ஜார்ஜ் புஷ் வென்று ஜனாதிபதியானதோ 537 வாக்கு வித்தியாசத்தில்.